குறுக்கே பேசுகிறவர்கள்

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் பேருந்து தர்மபுரியைத் தாண்டி, பாளையம் சுங்கச்சாவடியையும் கடந்த பிறகு, சாலை சரியத் தொடங்கும். இருபுறமும் காடு. முன்னால் கியரைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து இறங்கும் லாரிகள். பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளால் செய்தித்தாளில் அடிக்கடி இடம்பிடிக்கும் வளைவுகள். இதுதான் தொப்பூர்க் கணவாய். மேலே தர்மபுரியின் மேட்டு நிலம், கீழே சேலத்துச் சமவெளி. கணவாயை ஒட்டி, தர்மபுரி மாவட்டத்தின் தென்கோடியில் தொப்பூர். முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலையிலிருந்து மேச்சேரி வழியாக மேட்டூர் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது.

இந்தப் பக்கத்து நிலம் பெரும்பாலும் வானம் பார்த்தது. ராகி, சாமை, துவரை, நிலக்கடலை, வரப்போரத்தில் புளியமரம். மழை பொய்த்தால் ஆள் கிளம்பிவிடுவார். பெங்களூரில் கட்டட வேலை, ஓசூரில் கம்பெனி, திருப்பூரில் பனியன் என்று இரண்டு தலைமுறையாகத் தர்மபுரி மாவட்டம் வெளியே போய்ச் சம்பாதிக்கிறது. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும், 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்துபோன பிறகும், இந்தப் போக்கு மாறவில்லை. போனவர்கள் திரும்பி வரும் நாட்கள் தெரிந்தவைதான்: பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, ஆடி முதல் நாள், ஆடிப் பதினெட்டு. அந்த நாட்களில் மேலிருந்து வரும் பேருந்துகளில் நிற்க இடமிருக்காது. “கணவாய் எறங்கிட்டியா?” என்று கேட்கும் கைப்பேசிக் குரல்களில் பாதி, ஆயாக்களின், அதாவது பாட்டிகளின், குரலாக இருக்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வரவேண்டும்? பாட்டியின் முகத்தைத் திரையில் தினமும் பார்க்க முடிகிறது. பணம் அனுப்ப ஒரு நிமிடம் போதும். பாசம், வேர், பண்பாடு என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்லும் பதில்களில் பொய் இல்லை. ஆனால் அவற்றால் எதுவும் விளங்குவதும் இல்லை. பாசம் தொலைபேசியிலும் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக, ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரங்களிலும் தர்மபுரியின் தெற்குப் பகுதியிலும் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவார்கள். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். நல்ல முற்றிய தேங்காயை எடுத்து, நார் துளியும் இல்லாமல் உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மூன்று கண்களில் ஒன்றைத் துளைத்துத் தண்ணீரைப் பாத்திரத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துளை வழியாக வெல்லத் தூள், பொட்டுக்கடலை, எள், அவல், ஊறிய பச்சரிசி, பாசிப்பருப்பு, ஏலக்காய் ஆகியவற்றை உள்ளே போட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுவார்கள். பிறகு ஒரு முனை சீவிய நீளக் குச்சியைக் கண்ணில் இறுக்கிச் செருகுவார்கள். குச்சிக்கு அழிஞ்சி மரம் விசேஷம். ஓட்டுக்கு மஞ்சள் பூசுவதும் உண்டு. மாலையில் தெருவில் தீ மூட்டி, சுற்றி நின்று, குச்சியைத் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஓடு கருகி வெடிப்பு விட்டு, உள்ளே வெல்லம் பாகாகி, பருப்பும் அரிசியும் வெந்து, வாசனை வரும்போது பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்ன வேண்டியதுதான். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது, அந்தப் போரின் தொடக்கத்தை நினைத்து இதைச் செய்கிறோம் என்று இங்கே காரணம் சொல்வார்கள். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் துரியோதனன் படுகளமும் நடக்கிற நாட்டில் அப்படியொரு காரணம் தோன்றுவது இயல்பு.

இதில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். துளைக்குள் அவலைச் சொருகப் பிஞ்சு விரல்தான் வசதி. எந்தக் கண் மெல்லியது என்று பெரியவருக்குத்தான் தெரியும். குச்சியைச் சீவுவது தாத்தா. வெல்லத்தின் அளவு ஆயாவின் கைக்கணக்கு. நெருப்பருகே நிற்கும் தைரியம் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு. மூன்று வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே வேலையில் பங்கு கிடைக்கும் சந்தர்ப்பம் இன்றைய வாழ்க்கையில் மிக அரிது. பள்ளி வயதைப் பிரிக்கிறது, அலுவலகம் வயதைப் பிரிக்கிறது, கைப்பேசியோ ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே பிரித்து வைத்திருக்கிறது. தாத்தா எதிரே பேரனை உட்காரவைத்து “தாத்தாகிட்ட பேசு” என்றால் இருவருக்கும் சங்கடம். கையில் ஒரு தேங்காயைக் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வரும், அதிலும் பாதி திட்டாக வரும். திட்டு வாங்கியது நினைவிலிருந்து போகவும் போகாது.

குழந்தையின் நினைவு எப்படி உருவாகிறது என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்திய எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் இந்த எல்லை எல்லாச் சமூகத்திலும் ஒரே இடத்தில் இல்லை. நியூசிலாந்தில் 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினரின் முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதை ஒட்டியதாக இருந்தது. அந்நாட்டின் தொல்குடிகளான மாவோரி மக்களுக்கோ அது இரண்டே முக்கால் வயதுக்குப் பின்னோக்கிப் போனது. மாவோரிக் குடும்பங்களில் குழந்தை பிறந்த கதையையும் முன்னோர் கதையையும் திரும்பத் திரும்ப, விரிவாகச் சொல்வார்கள். வித்தியாசத்துக்கு அதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குழந்தைக்கு நடந்தது மட்டும் போதாது. நடந்ததை இன்னொருவர் அதனோடு உட்கார்ந்து மறுபடி சொல்லவேண்டும். “போன வருசம் உன் தேங்கா வெடிச்சு வெல்லமெல்லாம் தீயில ஊத்திக்கிச்சே, நீ அழுதியே, யாரு உனக்குப் பாதி குடுத்தா?” என்று ஆயா கேட்கும்போது, போன வருடத்து ஆடி குழந்தையின் மனதில் இரண்டாம் முறை நடக்கிறது. அந்த இரண்டாம் முறைதான் தங்குகிறது.

அதைத் திரையிலும் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம்தான். ஆனால் திரையில் பேசுவது பெரும்பாலும் இருவர். கூட்டத்தில் நடப்பது வேறு.

ஒரு வீட்டில் கிணறு வெட்டிய கதை எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா ஆரம்பிக்கிறார்: இன்ன வருடம், இத்தனை ஆள், பாறை வந்தது, வெடி வைத்தோம், தண்ணீர் கண்டோம், மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தோம். சின்னத் தாத்தா குறுக்கே வருகிறார். “அட போண்ணா, அது பெரியவ பொறந்த வருசம். அப்ப கவல ஓட்டுனது செவலையும் மயிலையும். நீ சொல்ற மாடு அதுக்கப்பறம் வாங்கினது.” வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அத்தை இன்னொன்று சொல்கிறாள்: வெடி வைக்கக் காசு இல்லாமல் அம்மாவின் காதில் கிடந்ததைத்தான் அடகு வைத்தீர்கள், அதை யாரும் சொல்வதில்லை. ஆயா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடிக்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் பேத்திக்கு இப்போது ஒரு கிணறு மட்டும் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் இருந்த போட்டியும், மாட்டின் நிறமும், ஒரு தோட்டின் கதையும், அதைப் பற்றி அறுபது ஆண்டுகளாகப் பேசாத ஒருத்தியும் கிடைத்துவிட்டார்கள்.

தாத்தா தனியாகச் சொல்லியிருந்தால் அது தாத்தாவின் வீரப் பிரதாபமாக முடிந்திருக்கும். தனிக் குரலில் சொல்லப்படும் எந்தக் குடும்பக் கதையும் வருடத்துக்கு வருடம் மெருகேறி, கடைசியில் சிலையாகிவிடுகிறது. அதைச் சிலையாக விடாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் குறுக்கே பேசுகிறவர்கள். குடும்பம் கூடுவதன் முதன்மையான பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்: சாட்சிகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், மறுக்கவும் முடிகிறது. குழந்தை கதையை மட்டும் கற்கவில்லை. ஒரே நிகழ்ச்சியை நான்கு பேர் நான்கு விதமாக நினைவில் வைத்திருந்தும் ஒரே பாயில் உட்கார முடியும் என்பதையும் பார்க்கிறது.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 2001-இல் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்தபோது என்ன நடந்தது, குடும்பத்தில் பெரிய துன்பம் எது என்பது போன்ற கேள்விகள். டியூக்கின் மனைவி சாராவும் உளவியலாளர். கற்றல் சிரமமுள்ள குழந்தைகளோடு பணியாற்றியபோது, தம் குடும்பத்தைப் பற்றி அதிகம் தெரிந்த பிள்ளைகள் சிரமங்களை நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று அவர் கவனித்ததுதான் ஆராய்ச்சிக்குத் தூண்டுதல். சில பத்துக் குடும்பங்களை ஆராய்ந்ததில், அதிகக் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் தாக்குதல் நடந்த பிறகு அதே பிள்ளைகளை மறுபடி பார்த்தபோது, அதிக விடை தெரிந்தவர்களே அதிர்ச்சியையும் நன்றாகத் தாங்கியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு இருபது விடைகளையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கக் கிளம்பும் பெற்றோர் நம்மில் உண்டு. (பொது அறிவுப் போட்டி நடத்தாமல் நம்மால் எதையும் கற்பிக்க முடியாது.) ஆய்வாளர்களே அதை எச்சரித்திருக்கிறார்கள். விடைகளில் மந்திரம் ஏதுமில்லை. அந்த விடைகள் ஒரு குழந்தைக்குத் தெரிந்திருக்கின்றன என்றால், யாரோ பலர் பல சாப்பாட்டு வேளைகளிலும் பயணங்களிலும் விடுமுறைகளிலும் அதனோடு பேசியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பேச்சுத்தான் காரணம், விடை அதன் அடையாளம். இன்னொன்றும் சொன்னார்கள். “ஒன்றுமில்லாமல் வந்தோம், உயர்ந்துவிட்டோம்” என்ற கதையும், “எல்லாம் இருந்தது, போய்விட்டது” என்ற கதையும் பிள்ளைகளுக்கு அவ்வளவு உதவுவதில்லை. ஏறினோம், விழுந்தோம், மறுபடி ஏறினோம், ஆனாலும் சேர்ந்தே இருந்தோம் என்ற கதைதான் அதிகம் உதவுகிறது.

ஏற்றமும் இறக்கமும் உள்ள கதைக்குத் தொப்பூர்ப் பக்கத்தில் பஞ்சமில்லை. ஆயாவின் பல்லைப் பார்த்து “ஏன் இப்படிப் பழுப்பாக இருக்கிறது?” என்று ஒரு குழந்தை கேட்டால் போதும். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியும் இங்கே ஒரு தலைமுறை முழுவதும் பார்த்த துன்பம். ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முந்திய குடும்பக் கதை தண்ணீருக்கு நடந்த கதை. எந்தக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும், எவ்வளவு தூரம் குடம் சுமந்தோம், எப்போது தெருவுக்குக் குழாய் வந்தது என்பதைப் பாடநூல் ஒரு வரியில் சொல்லும். ஆயா தன் முழங்காலைத் தடவிக்கொண்டு சொல்வாள். எல்லா முழங்கால் வலிக்கும் தண்ணீர் காரணமில்லை, குடமும் ஒரு காரணம்தான். அவள் சொன்னால் யாராவது திருத்துவார்கள்.

இந்தப் பேச்சு எவ்வளவு காலம் பின்னோக்கிப் போகும்? யான் அஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு ஓர் அளவு சொன்னார். வாய்மொழியாக, அன்றாடப் பேச்சில் வாழும் நினைவு எண்பதிலிருந்து நூறு ஆண்டுகள்வரை நிற்கும், அதாவது மூன்று நான்கு தலைமுறை. அதற்கு அப்பால் இருப்பதைச் சடங்கோ எழுத்தோ கல்லோதான் தாங்கவேண்டும். இதைத் தொப்பூரிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். ஊர் வழியே ஓடும் தொப்பையாறு மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் போய்க் கலக்கிறது. அணை 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஸ்டான்லி நீர்த்தேக்கம் பரவிய இடத்தில் ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, கோயில்கள் இருந்தன. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியின் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும், மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த ஊர்களில் வாழ்ந்து, மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறியவர்கள் இன்று இல்லை. அவர்கள் வாயால் அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், எழுபது எண்பது வயதில். அவர்கள் அதைத் தம் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் இன்னும் கொஞ்ச காலம் அது ஒரு குடும்பத்துக் கதையாக இருக்கும். சொல்லாவிட்டால் அணையின் உயரம், கொள்ளளவு, கட்டிய ஆண்டு ஆகியவை மட்டும் இருக்கும்.

அதற்கும் அப்பால் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. தர்மபுரி நடுகற்களின் நாடு. நகரத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன: வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள், ஆநிரை மீட்டு இறந்தவர்கள், புலியோடு மோதியவர்கள். ஊர்ப்புறங்களில் அதே கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலும் கிடாயும் வாங்கிக்கொண்டு வழிபாட்டில் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் இருந்தது, ஒரு மனைவி, ஒரு தம்பி, “அவன் அப்படியொன்றும் வீரனில்லை” என்று சொல்ல ஒரு பங்காளி இருந்தார்கள். பேசுகிறவர்கள் போய்விட்டார்கள், தெய்வம் மிஞ்சிவிட்டது. தெய்வத்தை மறுத்துப் பேச ஆளில்லை. இது குறை என்று சொல்ல மாட்டேன். மனிதன் நினைவில் நீடிக்க இதைவிட நல்ல வழியை நம் முன்னோர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பாட்டியை நாம் தெய்வமாக அறிய விரும்புகிறோமா, மனுஷியாக அறிய விரும்புகிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம். மனுஷியாக அறிய அவள் உயிரோடிருக்கும் காலம் மட்டும்தான் இருக்கிறது.

மனுஷியாக அறிவதில் கசப்பும் சேர்ந்தது. குடும்பக் கூடலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாக நகர்ந்துவிடுவார்கள். சேலம், தர்மபுரி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் சிசுக்களை ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு 1992-இல் சேலத்தில் தொடங்கியதும், 2001-இல் தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கியதும் அதனால்தான். அந்தக் காலத்து மருமகள்கள்தான் இன்றைய ஆயாக்கள். அன்று வீட்டில் முடிவெடுத்தவர்களில் பாட்டிமாரும் இருந்தார்கள். எல்லா வீட்டிலும் அது நடக்கவில்லை. நடந்த வீட்டில் யாரும் தேங்காய் சுடும்போது அதைச் சொல்லப்போவதில்லை. சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் எல்லாத் தாத்தாவும் ஞானி, எல்லாப் பாட்டியும் அன்பின் ஊற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது, வளர்ந்தபின் அவர்கள் கேட்க நேரும் உண்மைகளுக்கு அவர்களைத் தயார்செய்யாது. வயதான ஒருத்தி, பேத்தியின் தலையைக் கோதிக்கொண்டே, “அந்தக் காலத்துல நாங்க செஞ்சதெல்லாம் சரின்னு சொல்ல மாட்டேன் கண்ணு” என்று ஒரு வரி சொன்னால், அதன் எடை தனி.

சின்னக் கசப்புகளும் உண்டு. பங்காளிகள் கூடும் இடத்தில் பாகப்பிரிவினை பேச்சு எழாமல் இருக்காது. குடித்துவிட்டு வரும் மாமா ஒருவர் எப்போதும் இருப்பார். இவற்றைவிட எனக்கு உறுத்துவது வேறு. கூட்டம் என்றால் யாருக்குக் கூட்டம்? கதை சொல்லும் திண்ணையில் ஆண்கள். களி கிண்டவும் குழம்பு கூட்டவும் இலை எடுக்கவும் பெண்கள். அறுபது பேருக்குக் களி கிண்டும் ஆயா எப்போது உட்கார்ந்து பேசுவாள்? அவளிடம்தான் அதிகக் கதை இருக்கிறது, அவள்தான் கூடத்தில் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லுக்கோ மேட்டூருக்கோ கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும்போதும், சனிக்கிழமை முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் மரத்தடியில் உட்காரும்போதும்தான் அவளுக்குக் கால் நீட்டக் கிடைக்கிறது. பாட்டியோடு நினைவு சேர்க்க விரும்பும் வீடுகள் முதலில் செய்யவேண்டியது மிகச் சாதாரணமானது: அன்றைக்குச் சமையலுக்கு வேறு ஆள் பார்ப்பது. ஆண்கள் களித்துடுப்பைப் பிடிக்கலாம். தேங்காய் சுடத் தெரிந்த கைக்கு அது முடியாத வேலையில்லை.

இதுவரை சொன்னது வருடத்துக்குச் சில நாள் வந்துபோகிறவர்களைப் பற்றி. தர்மபுரி கிராமங்களில் இதன் மறுபக்கமும் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பிள்ளை இங்கே தாத்தா ஆயாவிடம் வளரும். இந்தப் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி திருவிழா அல்ல, அன்றாடம். காலையில் தலை சீவி, பள்ளிக்கு அனுப்பி, ரேஷன் வாங்கி, ஆட்டுக்குத் தழை ஒடித்து, நூறு நாள் வேலைக்கும் போய் வருகிற அறுபது வயதுக்காரியை “பேரனோடு பொழுது போக்குகிறாள்” என்று சொல்வது கேலி. 2023-இல் முதியோர் உதவித்தொகை ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் பேரனின் நோட்டுக்கும் பேனாவுக்கும் ஒரு பங்கு போகிறது. இந்த வீட்டில் விருந்தாளி பெற்றோர்தான். ஆயா சொல்லும் கதைகளும் மாறிவிடுகின்றன. தன் இளமையைவிட, பிள்ளையின் அப்பன் சின்ன வயதில் என்னென்ன சேட்டை செய்தான் என்பதையே அதிகம் சொல்கிறாள். அப்பா இல்லாத இடத்தில் அப்பாவை நிரப்பிவைக்கிறாள்.

இதைப் பரிதாபக் கதையாக மட்டும் பார்க்கவேண்டியதில்லை. மனித இனம் இந்த ஏற்பாட்டால்தான் நிலைத்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளரும் சக ஆய்வாளர்களும் கவனித்தபோது, தரையைத் தோண்டிக் கிழங்கெடுத்துப் பேரக்குழந்தைகளுக்கு ஊட்டியவர்கள் பாட்டிகள். தாய் அடுத்த கைக்குழந்தையோடு இருக்கும்போது முந்திய குழந்தை வளர்வது அந்தக் கிழங்கால். பிள்ளை பெறும் காலம் முடிந்த பின்னும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்வது ஏன் என்ற கேள்விக்கு அதுவே விடை என்றார்கள். பின்லாந்து, கனடா நாடுகளின் பழைய தேவாலயப் பதிவேடுகளை அலசி 2004-இல் வெளிவந்த ஆய்வு, 50 வயதைத் தாண்டி ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் அவளுக்கு இரண்டு பேரக்குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள் என்று காட்டியது. இதில் பாட்டி என்பவள் நினைவின் களஞ்சியமாக வரவில்லை, உழைப்பாளியாக வருகிறாள். நினைவு அந்த உழைப்பின் ஓரத்தில் தானாக விளைவது.

ஆகவே பேரப்பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. தாத்தாவிடம் “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்று கைப்பேசியை நீட்டாதீர்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒழுக்கமாக வாழவேண்டும் என்று உபதேசம் செய்வார். வேலையைக் கேளுங்கள். கவலையில் சால் எப்படிக் கவிழும்? மாடு பின்னால் நடக்க எப்படிப் பழக்கினீர்கள்? புளி உலுக்கும் கூலி யாருக்கு எவ்வளவு? முதன்முதலில் கணவாய் ஏறிப் பெங்களூர் போனபோது எங்கே படுத்தீர்கள்? மனிதருக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் மிகத் தெளிவாக நினைவிருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலமுறை கண்ட உண்மை. அந்த வயதுக்குள் கேள்வியை வைத்தால் போதும், அவரே கையை ஆட்டிக் காட்டுவார். குரலைப் பதிவு செய்வது நல்லது. அலமாரியில் கிடக்கும் பழைய புகைப்படங்களின் பின்புறம் யார் யார் என்று பென்சிலால் எழுதிவைப்பது அதைவிட நல்லது, அதிலும் இரண்டு கிழவர்களை ஒன்றாக உட்காரவைத்து எழுதுவது. ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் அடிக்கச் சொல்வார்.

அப்படிச் சொல்ல இன்னும் எத்தனை காலம் ஆள் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1.4. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று ஆகி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. முன்பு ஒரு தாத்தாவைச் சுற்றி இருபது பேரப்பிள்ளைகள், இப்போது ஒரு பேரனைச் சுற்றி நான்கு பெரியவர்கள். அன்பு குறையாது, கூடத்தான் செய்யும், மூச்சுமுட்டும் அளவுக்குக்கூட. ஆனால் அந்தப் பேரன் தாத்தாவாகும்போது, “அட போண்ணா” என்று சொல்லத் தம்பி இருக்கமாட்டான். வாசற்படியிலிருந்து உண்மையைப் போட்டு உடைக்க அத்தை இருக்கமாட்டாள். அவன் சொல்வதுதான் கதை. பெற்றோர் இருவருமே ஒற்றைப் பிள்ளைகளாக உள்ள வீட்டுக் குழந்தைக்கு மாமா, சித்தி, பெரியப்பா ஆகியோர் உறவுமுறைப் பாடத்தில் வரும் பெயர்கள் மட்டுமே.

இரத்த உறவு சுருங்கும்போது சாட்சிகளை வேறெங்காவது தேடவேண்டும். பங்காளி வகையறா, சம்பந்தி வீடு, அப்பாவோடு பெங்களூரில் ஒரே கொட்டகையில் தங்கிய கூட்டாளி, ஆயாவோடு களை வெட்டப் போனவள் என்று யாரை அழைக்கலாம் என்பதை வீடுகள் கொஞ்சம் தாராளமாக முடிவுசெய்யலாம். சாதிக்குள்ளேயே, வகையறாவுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் கூடல்கள் இந்த மாவட்டத்தில் வேண்டிய மட்டும் நடக்கின்றன. அவற்றில் ஒருவர் சொன்னதையே எல்லோரும் திரும்பச் சொல்வார்கள். ஆடி முதல் நாள் தீயை வீட்டுக்குள் மூட்டுவதில்லை, தெருவில் மூட்டுகிறார்கள். எதிர்வீட்டுக் கிழவரும் ஒரு தேங்காயோடு அங்கே வந்து நிற்பார். கிணற்றில் எத்தனை அடியில் பாறை வந்தது என்று அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும்.